ரமணாசிரமத்துக்குப் பின்னால் ஒரு பூங்கா

"ஏன்டா, உங்க ஊர்ல பார்க்கு கீர்க்கு எதுவும் கிடையாதா?"

வெளியூரிலிருந்து வந்து நம் கல்லூரி ஹாஸ்டலில் சேர்ந்த ஒவ்வொருவரும் முதல் மாதத்திலேயே உள்ளூர்க்காரனைப் பார்த்துக் கேட்கிற கேள்வி இது. உள்ளூர்க்காரனும் தலையைச் சொறிந்துகொண்டு, "கோயில் இருக்கு, மலை இருக்கு, பௌர்ணமிக்குக் கூட்டம் இருக்கு... வேற இன்னா வேணும்?" என்பான். அதோடு பேச்சு முடிந்துவிடும்.

சங்கமம் மலருக்கு ஏதாவது எழுதிக் கொடு என்று சங்கச் செயலாளர் போனில் கேட்டதும் எனக்கு இந்தக் கேள்விதான் ஞாபகம் வந்தது. கேன்டீன் தோசை, லேப் ரெக்கார்டு, கல்ச்சுரல்ஸ், முதல் வரிசை, கடைசி வரிசை இவற்றைப் பற்றியெல்லாம் என்னைவிட நன்றாக எழுதக்கூடியவர்கள் நம் பேட்ச்சிலேயே பத்துப் பேர் இருக்கிறார்கள். அதை அவர்களுக்கே விட்டுவிடுகிறேன். இத்தனை வருஷமாக நிலுவையில் இருக்கும் அந்தப் பார்க் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இந்தக் கட்டுரையின் வேலை. மழைநீர் வடிகால் வேலையில் சோறு தின்பவன் எழுதுவதால் நடுவில் கொஞ்சம் தண்ணீர்க் கணக்கும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்!

முதலில், பார்க் என்றால் என்ன? ஊஞ்சலும் சறுக்குமரமும் நடுவில் தலைவர் சிலையும் இருந்தால்தான் பார்க் என்று நாம் முடிவு கட்டி வைத்திருக்கிறோம். ஆனால் ஒரு ஊர்க்காரனுக்குப் பூங்காவில் உண்மையில் வேண்டியது நாலே விஷயம்தான். நிழல் வேண்டும், தண்ணீர் வேண்டும், காலாற நடக்க வழி வேண்டும், காசு கேட்காமல் உட்கார இடம் வேண்டும். இந்த நாலும் செங்கம் ரோட்டில் ரமணாசிரமத்துக்குப் பின்பக்கம், மலையின் தென்சரிவில் இருக்கின்றன. பெயர்ப்பலகை மட்டும்தான் இல்லை.

பூங்கா என்பது வெள்ளைக்காரன் கொண்டுவந்த சமாச்சாரம் என்று சொல்பவர்கள் மணிமேகலையை ஒரு தடவை புரட்டிப் பார்க்கலாம். புகார் நகரத்தில் எந்தச் சோலைக்குப் போகலாம், எதற்குப் போகக் கூடாது என்று அதில் ஒரு பட்டியலே வருகிறது. இலவந்திகை, உய்யானம், உவவனம் என்று ஒவ்வொன்றுக்கும் பெயர், ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பிற்காலத்துக் கோயில் ஊர்களில் இந்தச் சோலை இரண்டாகப் பிரிந்தது போலத் தெரிகிறது. பூப்பறிக்க நந்தவனம் சுவாமிக்கு; நடந்து வருகிறவன் இளைப்பாறத் தோப்பும் குளமும் மண்டபமும் சனங்களுக்கு. நம் ஊரில் இந்த இரண்டாவது வகை, மலையைச் சுற்றி 14 கிலோமீட்டருக்கு ஒரு மாலை மாதிரி கிடக்கிறது. அந்த மாலையில் ரமணாசிரமப் பகுதி ஒரு கெட்டியான கண்ணி. வரிசையாகப் பார்த்தால் சேஷாத்ரி சுவாமிகள் ஆசிரமம், தட்சிணாமூர்த்தி சன்னதி, ரமணாசிரமம், அதை ஒட்டிப் பாலி தீர்த்தம், அதற்கும் மேற்கே பலாக்கொத்து. அந்தக் கடைசிப் பெயரைக் கவனியுங்கள். பலா மரங்கள் கொத்தாக நின்ற இடம் என்று பெயரே சொல்கிறது. இன்றைக்குப் போய் ஒவ்வொரு மரமாகத் தேட வேண்டாம். பெயர் மரத்தைவிட அதிக நாள் வாழும்!

இந்தச் சரிவு எப்படி மனிதர்கள் நடமாடும் இடமாயிற்று என்பதற்கு எழுதி வைக்கப்பட்ட சாட்சி நமக்கு அதிர்ஷ்டவசமாக நிறையவே உண்டு. காரணம், இங்கே வாழ்ந்த ஒருவரைப் பற்றி ஏராளமானவர்கள் குறிப்பெழுதி வைத்தார்கள். 1896 செப்டம்பர் 1-ஆம் தேதி பதினாறு வயதுப் பையனாக ரயிலில் வந்து இறங்கிய வேங்கடராமன், அதாவது ரமணர், 1899-லிருந்து 1916 வரை விருபாட்ச குகையிலும், பிறகு 1922 வரை ஸ்கந்தாசிரமத்திலும் இருந்தார். பக்தி விஷயத்தை நான் தொடப் போவதில்லை, அதற்கு வேறு மலர்கள் இருக்கின்றன. ஒரு சிவில்காரன் கண்ணுக்கு அந்த வாழ்க்கைக் குறிப்புகளில் பளிச்சென்று தெரிவது வேறு ஒன்று: இடமாற்றம் ஒவ்வொன்றும் தண்ணீரையும் நிழலையும் ஒட்டியே நடந்திருக்கிறது.

விருபாட்ச குகையில் வெயில் காலத்தில் தண்ணீர் இருக்காது. அதனால் கோடையில் முலைப்பால் தீர்த்தத்துக்குப் பக்கத்தில் உள்ள மாமரத்துக் குகைக்குப் போய்விடுவார்கள். மழை வந்ததும் திரும்பி வருவார்கள். 1905-இல் ஊரில் பிளேக் வந்தபோது ஜனங்கள் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளியேறினார்கள். அப்போது ரமணரும் கூட இருந்தவர்களும் போய்த் தங்கிய இடம் மலையின் வடகிழக்கு அடிவாரத்துப் பச்சையம்மன் கோயில். அங்கேயும் குளம், அங்கேயும் மரம். ஊருக்கு நோய் வந்தால் ஒதுங்குவதற்கு ஒரு திறந்தவெளி வேண்டும் என்பதை லண்டனில் கமிட்டி போட்டு அறிக்கை எழுதினார்கள். இங்கே அறிக்கை இல்லை, இடம் இருந்தது.

கந்தசாமி என்ற பக்தர் செய்த வேலையைத்தான் நான் இந்தச் சரிவின் முதல் 'லேண்ட்ஸ்கேப் கான்ட்ராக்ட்' என்று சொல்வேன். சம்பளம் இல்லாத கான்ட்ராக்ட்! விருபாட்ச குகைக்கு மேலே ஓர் ஊற்று இருந்த இடத்தைப் பார்த்து வைத்து, முள்ளும் கள்ளியுமாக மண்டிக் கிடந்ததை வெட்டி, பாறைச் சரிவில் சமதளம் எடுத்து, மரம் வைத்து, குடியிருக்கத் தகுந்த இடமாக்கினார். அவர் பெயரால்தான் அது ஸ்கந்தாசிரமம். நேரில் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மலை முழுக்க வெயிலில் காய்ந்து கிடக்கிற மே மாதத்திலும் அங்கே மட்டும் ஒரு பச்சை, ஒரு குளிர்ச்சி. அங்கே நின்றால் கோயில் முழுவதும் பிளான் டிராயிங் மாதிரி கீழே விரிந்து கிடக்கும். 217 அடி ராஜகோபுரம் தீப்பெட்டி உயரம். நம் டிபார்ட்மென்ட்டில் 'டாப் வியூ' நடத்துவதற்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடையாது.

1922 மே 19-ஆம் தேதி ரமணரின் தாயார் ஸ்கந்தாசிரமத்தில் காலமானார். அடிவாரத்தில், பாலி தீர்த்தத்துக்கு அருகே சமாதி வைத்தார்கள். ரமணர் தினமும் மேலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தவர், அந்த வருஷக் கடைசிக்குள் கீழேயே தங்கிவிட்டார். இன்றைக்கு நாம் பார்க்கும் ஆசிரமத்துக்கு ஆரம்பம் ஓர் ஓலைக் கொட்டகைதான். ஆக, மேலே ஊற்றோடு ஒரு தோட்டம், நடுவில் இரண்டு குகை, கீழே குளத்தோடு ஒரு குடியிருப்பு, இவற்றை இணைக்கும் ஒற்றையடிப் பாதை. வரைபடம் இருபதுகளிலேயே முடிந்துவிட்டது. பிறகு வந்தவர்கள் அதில் கல் பாவினார்கள், அவ்வளவுதான்.

இங்கேதான் எனக்கு மிகவும் பிடித்த அத்தியாயம் வருகிறது. சுற்றுலாக் கையேடு எதிலும் இதைப் பார்க்க முடியாது.

மலையடிவாரத்தில் வீடு கட்டுகிறவனுக்கு முதல் எதிரி மலைத் தண்ணீர். 2,668 அடி உயரப் பாறையில் விழுகிற மழை, நின்று நிதானித்து வருவதில்லை. ஆரம்பகால ஆசிரம நிலத்தையும் அது அரித்துக்கொண்டுதான் இருந்தது. 1928-இல் வந்து சேர்ந்த அண்ணாமலை சுவாமி என்பவரிடம் வெள்ளத்தைத் தடுக்கக் கரை கட்டும் வேலை ஒப்படைக்கப்பட்டது. கட்டடக் கலை படித்தவர் அல்ல அவர். ரமணர் அவ்வப்போது வந்து பார்த்து யோசனை சொல்ல, ஆட்களை வைத்துக்கொண்டு கல்லும் மண்ணுமாக ஆசிரமத்தின் பின்பக்கத்தில் ஒரு தடுப்புக் கரையைக் கட்டி முடித்தார். பிறகு கோசாலை, வேதபாடசாலை, சாப்பாட்டுக் கூடம் என்று முப்பதுகளில் எழுந்த கட்டடங்கள் பலவற்றுக்கும் அவரே மேஸ்திரி, அவரே சூப்பர்வைசர், அவரே கணக்குப்பிள்ளை. வரைபடம் என்றால் ரமணர் ஒரு காகிதத் துண்டில் போட்டுக் கொடுத்த கோடுகள். 1938-இல் வேலையை விட்டு விலகி பலாக்கொத்தில் குடியேறியவர், 1995-இல் மறைந்தார். அதாவது நம் சங்கத்து மூத்த உறுப்பினர்கள் சிலர் அவரைப் பலாக்கொத்துப் பக்கம் பார்த்திருக்கக்கூட வாய்ப்பு உண்டு.

அந்தக் கரையில் என்ன விசேஷம் என்று ஜூனியர் தம்பி தங்கைகள் கேட்கலாம். விசேஷம் இதுதான். அது தண்ணீரை நிறுத்தப் பார்க்கவில்லை, திருப்பிவிடப் பார்த்தது. மலைத் தண்ணீரை நேருக்கு நேர் மறித்து ஜெயித்தவர் யாரும் இல்லை. பக்கவாட்டில் ஒரு வழி காட்டினால் பேசாமல் போய்விடும். வழி காட்டாமல் சுவர் மட்டும் எழுப்பினால், சுவருக்குப் பின்னால் மண்ணுக்குள் தண்ணீர் ஏறி, ஒருநாள் சுவரும் வரும், மண்ணும் வரும். இதைத்தான் நமக்கு ஐந்தாவது செமஸ்டரில் மூன்று ஃபார்முலாவாகச் சொல்லிக் கொடுத்து அரியர் வைக்க வைத்தார்கள்.

சரி, சொன்னபடி கணக்குக்கு வருவோம். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். ஒரு மணி நேரத்தில் 5 சென்டிமீட்டர் மழை கொட்டுகிறது என்று வையுங்கள். ஐப்பசி கார்த்திகையில் புயல் வந்தால் இது நடக்கக்கூடியதுதான். அந்த ஒரு ஏக்கரில் மட்டும் விழுகிற தண்ணீர் சுமார் 2 லட்சம் லிட்டர். தெருவில் வரும் 12,000 லிட்டர் தண்ணி லாரி கணக்கில் சொன்னால் 17 லாரி. சரிவு மொட்டைப் பாறையாக இருந்தால் அதில் பத்தில் எட்டுப் பங்கு அப்படியே கீழே ஓடி வந்துவிடும்: 13 லாரிக்கு மேல். அதே ஏக்கரில் மரமும் புதரும் சருகும் இருந்தால் பத்தில் மூன்று பங்குதான் ஓடும்: 5 லாரி. மிச்சம் இலையில் தங்கி, சருகில் ஊறி, மண்ணுக்குள் இறங்கி, சில மாதம் கழித்து எங்கோ ஓர் ஊற்றாக, ஒரு குளத்துக் கசிவாக வெளியே வரும். புத்தகத்தில் உள்ள 'ரன் ஆஃப்' கெழுக்களைத்தான் சொல்கிறேன். இடத்துக்கு இடம் கொஞ்சம் மாறும், கதை மாறாது. மரம் என்பது நிழல் மட்டும் இல்லை. நம் ஊரில் அது வடிகால் துறை, குடிநீர் வாரியம், தடுப்புச் சுவர் மூன்றும் சேர்ந்த ஒரு இலாகா!

இந்த இலாகாவை நாம் எப்படி நடத்தினோம்? மோசமாகத்தான். ஆடு மாடு மேய்ச்சல், விறகு, கூரைக்குப் புல், அந்தப் புல் மறுபடி தளிர்க்க வேண்டும் என்று வைக்கிற தீ, சூடம் ஏற்றிவிட்டு அணைக்காமல் போகிற தீ, பீடித் துண்டுத் தீ. எண்பதுகளில் மலை பெரும்பாலும் மொட்டையாகவே நின்றது. அந்தக் காலத்து போட்டோ யார் வீட்டிலாவது இருந்தால் எடுத்துப் பாருங்கள். கோபுரம் தெரியும், பாறை தெரியும், மரம் தெரியாது.

மாற்றம் இந்த ரமணாசிரமப் பகுதியிலிருந்துதான் ஆரம்பித்தது. 1987-இல், இங்கே தங்கியிருந்த ஆஸ்திரேலியப் பெண் துறவி ஒருவர், தம் நாட்டில் மழைக்காடுகளைக் காப்பாற்றப் போராடி வந்த ஜான் சீட் என்பவருக்கு ஒரு கடிதம் போட்டார். மலை மொட்டையாகிக் கொண்டிருக்கிறது, ஏதாவது செய்ய முடியுமா என்பது விஷயம். 1988-இல் அண்ணாமலை ரீஃபாரஸ்டேஷன் சொசைட்டி என்ற சங்கம் உருவாயிற்று. கோயில் மதில்களுக்கு நடுவே சும்மா கிடந்த இடத்தையே நாற்றங்காலாக்கி, லட்சக்கணக்கில் கன்று வளர்க்கிற அளவுக்கு வேலை நடந்தது. அதற்குப் பிறகு ஃபாரஸ்ட் வே என்ற அறக்கட்டளை அந்த வேலையைக் கையில் எடுத்தது. இந்த மண்ணுக்கே உரிய மரங்களாகத் தேடி விதை சேகரித்து, மழைக்கு முன் குழி போட்டு, மழையில் நட்டு, கோடையில் தீத்தடுப்புப் பாதை வெட்டி, தீப்பிடித்தால் ராத்திரியோடு ராத்திரியாக ஏறி அணைத்து... கன்று நடுவது ஒரு நாள் போட்டோ வேலை. தீயிலிருந்து காப்பதுதான் பத்து வருஷ வேலை. ஊஞ்சல், சறுக்குமரம் கேட்பவர்களுக்கும் ஏமாற்றம் வேண்டாம். அதே அமைப்பு மலையடிவாரத்தில் குழந்தைகளுக்கென்று ஒரு பூங்காவையும் உருவாக்கியிருக்கிறது. வனத்துறையின் நடவும் உண்டு. மலை காப்புக்காடு என்பதால் அவர்கள் சம்மதமும் பங்கும் இல்லாமல் எதுவும் நடக்காது.

மரத்தின் மேல் அக்கறைக்கு இந்த இடத்தில் ஒரு முன்மாதிரியும் உண்டு. ஆசிரமத்தில் ஒருமுறை மாங்காய் பறிக்கிற ஆட்கள் மரத்தைத் தடியால் அடித்து இலைகளை உதிர்த்துக் கொண்டிருந்தார்களாம். சாதாரணமாகக் கோபமே படாத ரமணர் அன்றைக்கு அவர்களை நன்றாகவே கண்டித்தார். பழம் கொடுக்கிற மரத்துக்குத் தடியடியா என்பது அவர் கேள்வி. ஆசிரம முன்வாசலில் நிற்கிற கிழட்டு இலுப்பையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தச் சம்பவம் ஞாபகம் வரும். நானூறு வருஷ மரம் என்கிறார்கள். சாலை போடுகிறவர்கள் எஸ்டிமேட்டில் அதற்கு என்ன ரேட் போடுவார்கள்?

இவ்வளவு சொல்லிவிட்டு, 'பூங்கா' என்று அரசாங்கமே அறிவித்துக் கொடுத்த இடத்துக்கு என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். அதற்குச் சென்னை சென்ட்ரலில் இறங்கினால் போதும். நம்மில் பாதிப்பேர் இப்போது சென்னையில்தானே இருக்கிறோம்! தினமும் 'பார்க்' ஸ்டேஷனில் ஏறி இறங்குகிறோம், 'பார்க் டவுன்' என்று முகவரி எழுதுகிறோம். எந்தப் பார்க் அது?

1859-இல் சென்னை கவர்னராக வந்த சார்லஸ் ட்ரெவெல்யன், நெரிசலில் மூச்சு முட்டிய கறுப்பர் நகரத்து ஜனங்களுக்காக 116 ஏக்கரில் பீப்பிள்ஸ் பார்க் என்று ஒரு பூங்காவை ஏற்படுத்தினார். வருமான வரித் திட்டத்தை எதிர்த்துப் பகிரங்கமாக எழுதியதற்காக அடுத்த வருஷமே அவரைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். பூங்கா மட்டும் நின்றது. குளங்கள் பதினொன்று, பாண்டு வாத்திய மேடை, வண்டி ஓட்டச் சாலைகள், மிருகக்காட்சி சாலை. வருஷக் கடைசியில் அங்கே நடக்கும் பார்க் ஃபேர் என்றால் திருவிழாக் கூட்டம். 1886 டிசம்பர் 31 அன்று அந்தச் சந்தையில் கொட்டகைகள் தீப்பிடித்து நானூறு பேருக்கு மேல் இறந்தார்கள். நம் நகராட்சி ஏற்பட்டதும் அதே 1886-இல்தான்.

பிறகு பூங்கா கரைய ஆரம்பித்தது. ஒரே நாளில் யாரும் அதை எடுத்துக்கொள்ளவில்லை, அதுதான் கவனிக்க வேண்டியது. விக்டோரியா பப்ளிக் ஹாலுக்கு ஒரு துண்டு. 1900-இல் மூர் மார்க்கெட்டுக்கு ஒரு துண்டு. 1913-இல் திறந்த ரிப்பன் மாளிகைக்கு ஒரு துண்டு. விளையாட்டு சங்கத்துக்கு, ஸ்டேடியத்துக்கு, ரயில்வேக்கு... ஒவ்வொன்றும் நல்ல காரியம், ஒவ்வொன்றும் பொதுக் காரியம். மூர் மார்க்கெட் 1985 மே மாதம் எரிந்து போயிற்று, அந்த இடத்தில் புறநகர் ரயில் நிலையம் வந்தது. அதே 1985-இல் மிருகக்காட்சி சாலை வண்டலூருக்குப் போனது. மிச்சம் இருப்பது மை லேடீஸ் பார்க் என்ற ஒரு சின்ன மூலையும் ஸ்டேஷன் பெயரும். பதினொரு குளத்தில் 'அல்லிக்குளம்' என்று ஒன்றின் பெயர் வணிக வளாகத்தின் நெற்றியில் இருக்கிறது. நம் பலாக்கொத்து மாதிரியே!

நம் மலையை அப்படி யாரும் துண்டு போட முடியாது, அது கல். ஆனால் மலையின் பாதத்தைத் துண்டு போட முடியும், போட்டிருக்கிறோம். கிரிவலப் பாதையைச் சுற்றி லாட்ஜும் ரியல் எஸ்டேட் பலகையும் எப்படி வளர்ந்தன என்பதை இந்த மலரைப் படிக்கிற ஒவ்வொரு பேட்ச்சும் தன் கண்ணாலேயே பார்த்திருக்கிறது. வசதிகள் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொண்ணூறுகளில் பௌர்ணமிக் கூட்டம் லட்சங்களைத் தொட ஆரம்பித்த பிறகு விளக்கு, குடிநீர், கழிப்பறை, நடைபாதை எல்லாம் அவசியமாகத்தான் ஆயின. இருட்டில், சேற்றில், வயதானவர்கள் வெறுங்காலோடு நடந்த பாதை அது. ஆனால் 2015-16 வாக்கில் பாதையை அகலப்படுத்துவதற்காக ஓரத்து மரங்களில் கோடாலி விழுந்தபோது ஊர்க்காரர்களும் ஆசிரமப் பகுதிக்காரர்களும் சேர்ந்து எதிர்த்தார்கள். விஷயம் சென்னையில் உள்ள தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரைக்கும் போயிற்று. கொரோனாவுக்காக 2020 மார்ச்சிலிருந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் பௌர்ணமி கிரிவலத்துக்குத் தடை இருந்தது. அந்தப் பாதையில் எதெல்லாம் வசதி, எதெல்லாம் வெறும் கட்டடம் என்று ஊர்க்காரன் ஆள் இல்லாத நேரத்தில் நின்று பார்த்தது அப்போதுதான். வெயிலில் டைல்ஸ் பதித்த நடைபாதையில் வெறுங்காலை வைத்துப் பார்த்தவனுக்குப் புளியமர நிழலின் மதிப்பைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

எழுதக் கஷ்டமான விஷயத்துக்கு வந்துவிட்டேன். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. டிசம்பர் 1 மாலை, ஊர்ப்பக்கச் சரிவில் வ.உ.சி. நகருக்கு மேலே மண்ணும் பாறையும் பெயர்ந்து வீடுகள் மேல் வந்து விழுந்தன. ஏழு பேர் இறந்தார்கள். அதில் ஐந்து பேர் குழந்தைகள். எங்கள் பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் அன்றைக்கு ராத்திரி முழுக்க ஒருவர் மாற்றி ஒருவர், "உங்க தெரு எப்படி இருக்கு, வீட்ல எல்லாரும் இருக்காங்களா" என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். அந்த வருஷம் கார்த்திகை தீபத்துக்குப் பக்தர்கள் யாரையும் மலையேற விடவில்லை. தீபம் ஏற்றுகிறவர்கள் மட்டும் போனார்கள்.

மலை சரிந்ததற்கு ஒரே காரணம் சொல்வது பொறியியலும் இல்லை, நியாயமும் இல்லை. கெட்டிப் பாறையின் மேல் உதிர்ந்த மண், அந்த மண்ணில் பாதி புதைந்த உருண்டைப் பாறைகள், ஒரேயடியாகக் கொட்டிய மழை. இந்த மூன்றும் இருந்தால் காடு இருக்கிற சரிவுகூடச் சில சமயம் இறங்கும். ஆனால் சரிவு இறங்குவது ஒன்று, இறங்குகிற வழியில் வீடு இருப்பது இன்னொன்று. பாறை ஒரு பக்கம் உருண்டு வந்தால், அங்கே மரமும் புதருமாக நூறு அடி இடைவெளி இருந்தால், அது மறுநாள் பேப்பரில் நாலாம் பக்கத்துச் செய்தி. வாடகை கட்டுப்படியாகாதவன் அந்த நூறு அடிக்குள் போய் வீடு கட்டுகிறான். ஓட்டு கேட்க வருகிறவர்கள் ரோடும் கரன்ட்டும் கொடுக்கிறார்கள். அங்கே குடியிருந்தவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களுக்குக் கீழே, சமதளத்தில் இடம் கொடுக்காத ஊர்தான் பதில் சொல்ல வேண்டும். நாமும் அந்த ஊர்தான்.

ஆக மலையடிவாரத்துப் பசுமை வளையம் என்பது அழகு சமாச்சாரம் இல்லை. மலைக்கும் மனிதனுக்கும் நடுவே விட்டு வைக்கிற 'கிளியரன்ஸ்'. மெஷினுக்குப் பக்கத்தில் மஞ்சள் கோடு போடுகிறோமே, அது மாதிரி. தென்சரிவில் ஆசிரமத்துக்குப் பின்னால் அந்தக் கோடு இன்னும் அழியாமல் இருப்பதற்கு, அங்கே முதலில் குடியேறியவர்கள் கரை கட்டி, தண்ணீருக்கு வழிவிட்டு, மரத்தை அடிக்காமல் இருந்தது ஒரு காரணம் என்பது என் அபிப்பிராயம். 2024-இல் மாநகராட்சி ஆகிவிட்ட ஊர் இது. மாநகராட்சி என்றால் ஒரு பார்க் வேண்டும் என்று யாராவது கட்டாயம் கிளம்புவார்கள், காம்பவுண்டு, நீரூற்று, செல்ஃபி பாயின்ட்டோடு. அவர்களிடம் நம் சங்கம் சார்பில் ஒன்று கேட்கலாம்: அந்தப் பணத்தில் பாதியை வளையத்தை அளந்து கல் நடுவதற்கும், ஓடைகளைத் தூர் வாருவதற்கும், அடிவாரத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு இடம் கொடுப்பதற்கும் ஒதுக்க முடியுமா? நம்மில் சர்வேயர்கள் இருக்கிறார்கள், பொதுப்பணித் துறையில் இருப்பவர்கள் இருக்கிறார்கள், டிரோன் வைத்திருக்கிற தம்பிகள் இருக்கிறார்கள். தென்சரிவு ஓடைகளை மட்டுமாவது நாமே ஒரு கோடை விடுமுறையில் அளந்து படம் போட்டுவிடலாம். படம் இருந்தால்தான் நாளைக்கு ஓடை இருந்தது என்று சொல்ல முடியும். ஆர்வம் உள்ளவர்கள் சங்கமம் அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு என்னைப் பிடியுங்கள்.

கடைசியாக, குடும்பத்தோடு வருகிறவர்களுக்காகச் சில உபயோகமான தகவல்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து செங்கம் ரோடு வழியாகப் போகும் எந்த வண்டியும் ரமணாசிரமத்தில் நிற்கும். ஆசிரமத்தின் பின்வாசல் வழியாகக் கல் பாவிய பாதை ஏறுகிறது. நிதானமாக ஏறினால் அரை மணி, முக்கால் மணியில் ஸ்கந்தாசிரமம். வெயில் ஏறுவதற்கு முன் போவது உத்தமம். சாயங்காலம் சீக்கிரமே கதவை மூடிவிடுவார்கள். மழை, தீ அபாயம் போன்ற சமயங்களில் வனத்துறை பாதையை மூடுவதுண்டு, ஆசிரம அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு ஏறுங்கள். குரங்குக்குத் தெரிகிற மாதிரி பிஸ்கட் பாக்கெட் எடுத்துப் போகாதீர்கள். சூடம், ஊதுபத்தி, சிகரெட் எதையும் மேலே பற்ற வைக்க வேண்டாம். ஆசிரமத்தின் பின்பக்கம் கொஞ்சம் நின்று, மலையிலிருந்து வரும் தண்ணீர் எந்தப் பக்கம் திரும்பிப் போகிறது என்று குழந்தைகளுக்குக் காட்டுங்கள். இறங்கும்போது விருபாட்ச குகை வழியாக வந்தால் கோயிலுக்குப் பின்னால் பே கோபுரத்துப் பக்கம் வந்து சேர்வீர்கள். அங்கிருந்து ஆட்டோ கிடைக்கும். பேரம் பேசி ஏறவும்.